அவர் பேசாத பேச்சு: ஒரு நெல் விவசாயியின் பெயரில் நடந்த ஆறு மாதங்கள் (நிகழ்வு ஆய்வு)

இது 2022 ஜூனில் தொடங்கி 2023 தை மாதத்தில் ஒருவாறு முடிந்த விஷயம். திருவாரூர் மாவட்டத்தில், மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு ஊர். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். எங்கள் பகுதியில் இப்போது நிறைய விவசாயிகள், சமையல்காரர்கள், பொம்மை செய்கிறவர்கள் மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சமூக ஊடகத்தில் தங்களை வெளியே காட்டிக்கொள்கிறார்கள். அதைத் தப்பென்று நான் நினைக்கவில்லை. ஆனால் எது வரைக்கும் என்ற கேள்வியை நாங்கள் கேட்காமல் விட்டதால் ஒரு பெரியவர் மருத்துவமனைக்குப் போனார், அதனால் எழுதுகிறேன்.

விவசாயியிடமும், கோயம்புத்தூரில் இருக்கும் அந்தப் பெரியவரின் மகளிடமும் இதை முழுதாகப் படித்துக் காட்டியாயிற்று. விவசாயியின் சமூக ஊடகப் பக்கத்தைச் சம்பளத்துக்கு நடத்திய தம்பியிடம் படித்துக் காட்டியதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பங்கையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதினொரு பேர் கொண்ட எங்கள் விவசாயிகள் குழுவின் கணக்கை நான்தான் பார்க்கிறேன். குழு வழியாக விற்கும் அரிசியில் கிலோவுக்கு 3 ரூபாய் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொள்வோம். அதனால் விற்பனை ஏறினால் எனக்கும் சந்தோஷம்தான். தம்பியை அறிமுகம் செய்து வைத்ததும் நான்தான்.

பின்னணி

விவசாயிக்கு அப்போது 58 வயது. 15 மா நிலம், அதாவது கிட்டத்தட்ட ஐந்து ஏக்கர். அதில் 7 மாவில் ரசாயனம் போடாமல் மாப்பிள்ளை சம்பா என்ற பாரம்பரிய நெல், மீதி 8 மாவில் வழக்கம்போல யூரியா, டிஏபி உரம் போட்டு சி.ஆர். 1009 என்ற நெல் ரகம். ஏன் முழுவதையும் மாற்றவில்லை என்று கேட்டால், "வீட்டுல சோறு வேகணுமே" என்பார். அந்தப் பதில் எங்கள் குழுவில் எல்லாருக்கும் பொருந்தும்.

மாப்பிள்ளை சம்பா 160 நாள் பயிர். ஆள் உயரம் வளரும், கார்த்திகை மழையில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் படுத்துவிடும். எங்கள் பக்கம் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை பதினைந்து கண்டாலே நல்ல விளைச்சல் என்போம், அதே மண்ணில் சி.ஆர். 1009 இரண்டு மடங்குக்கு மேல் தரும். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனால் சன்ன ரகம், பொது ரகம் என்ற இரண்டு விலைதான். பாரம்பரிய ரகம் என்பதற்காக ஒரு காசு கூடுதலாகக் கிடைக்காது. ஆகவே இந்த நெல்லைப் போடுகிறவன் சாப்பிடுகிறவரை நேரில் தேடிப் பிடித்தே ஆக வேண்டும். வயலில் நிற்கிறவனுக்கு அதுதான் வராத வேலை.

2022 தை அறுவடை முடிந்து வைகாசி வந்தபோதும் அவர் வீட்டுப் பத்தாயத்தில் முக்கால்வாசி நெல் அப்படியே கிடந்தது. மாதம் இருபது, முப்பது கிலோ அரிசி போனால் பெரிது. அந்த ஆண்டு மேட்டூர் அணையை மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், வழக்கமான ஜூன் 12க்கு முன்னால். பாமணியாற்றில் தண்ணீர் வரப்போகிறது என்றதும் எல்லாரும் குறுவைக்கு ஓடினோம். நாற்றங்காலுக்கும் ஆளுக்கும் அலைகிற நேரத்தில் போனைப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கும்?

அப்போதுதான் அந்தத் தம்பி வந்தார். கும்பகோணம் பக்கம், இன்ஜினியரிங் படித்தவர், வயது 25 இருக்கும். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர் இரண்டு மூன்று பேருக்குச் சமூக ஊடகப் பக்கம் நடத்தத் தொடங்கியிருந்தார். மாதம் 8,000 ரூபாய் பேசினோம். படம் எடுப்பது, வீடியோ போடுவது, பதிவு எழுதுவது, வாட்ஸ்அப்பில் வருகிற கேள்விக்குப் பதில் சொல்வது, ஆர்டரைத் தொகுத்துக் கொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். அதற்கென்று தனியாக ஒரு சிம் வாங்கி அவர் கையில் கொடுத்தோம். "நீங்க வயலைப் பாருங்க ஐயா, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். விவசாயிக்கு அதைக் கேட்டதும் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது, எனக்கும்தான். தாளில் எதுவும் எழுதவில்லை. எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் ஐந்து மாதம்

ஜூனில் 40 கிலோ, ஜூலையில் 110, தீபாவளி மாதத்தில் 340. தம்பி உழைத்தார் என்பதில் சந்தேகமே இல்லை. விடியற்காலையில் பைக்கில் வந்து, பனி காய்வதற்குள் வரப்பில் படுத்துக் கதிரைப் படம் எடுப்பார். விவசாயியின் மனைவி முறத்தில் புடைக்கும்போது உமி பறப்பதை வெயிலுக்கு எதிரே வைத்து எடுத்த வீடியோவைப் பல ஆயிரம் பேர் பார்த்தார்கள்.

பதிவுகள் எல்லாம் "நான்" என்று இருந்தன. நான் விதைத்தேன், நான் காத்திருக்கிறேன், என் மண். எங்களுக்கு அது உறுத்தவில்லை. அவர் பெயர், அவர் முகம், அவர் நெல், அப்புறம் "நான்" என்று எழுதாமல் எப்படி எழுதுவது என்றுதான் நினைத்தோம்.

செப்டம்பரில் சென்னையிலிருந்து ஒரு தம்பதி காரில் வந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, "உங்க தாத்தா விதை வெச்சிருந்த நெல் குதிர் எங்க இருக்கு, பாக்கலாமா?" என்று கேட்டார்கள். விவசாயி முழித்தார். குதிர் என்றால் நெல் சேர்த்து வைக்கும் மண் கூடு. சமூக ஊடகப் பக்கத்தில் தம்பி எழுதியிருந்தார்: மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுக் குதிரில் காத்து வைத்த விதை இது, தாத்தா சாகும்போது என் கையில் கொடுத்தார். நடந்தது வேறு. 2014இல் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாவுக்குப் போய், வரிசையில் நின்று, பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் ஐயா அமைப்பிலிருந்து வாங்கி வந்த 2 கிலோ விதை அது. அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் அங்கே ஒப்பந்தம், இவர் 5 கிலோ கொண்டுபோய்க் கொடுத்தார். 2018 டிசம்பரில் ஜெயராமன் ஐயா இறந்தபோது, கஜா புயல் அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, வீட்டு ஓடு எல்லாம் போய்க் கிடந்தது, அந்த நிலையிலும் "விதை கொடுத்த மனுஷன்" என்று சொல்லி இவர் அழுதது எனக்குத் தெரியும்.

அந்த மனுஷனை அழித்துவிட்டு இல்லாத தாத்தா கதை ஒன்று இவர் பெயரில் நின்றது. இவருடைய தாத்தாவுக்குச் சொந்த நிலமே கிடையாது.

விவசாயி அன்று விருந்தாளிகளிடம் உண்மையைச் சொல்லவில்லை. "புயல்ல போயிடுச்சு" என்று சொல்லி முடித்துவிட்டார். சாயங்காலம் என்னிடம் வந்து, "ஒரு மாதிரியா இருக்கு, தம்பிகிட்ட சொல்லேன்" என்றார். நான் சொன்னேன், ஆனால் எப்படிச் சொன்னேன் என்பதுதான் விஷயம். "தம்பி, அந்தத் தாத்தா கதை வேண்டாமே, ஆள் நேர்ல வந்தா சங்கடமா இருக்கு" என்றேன். மாட்டிக்கொள்வது பற்றிப் பேசினேனே தவிர, அது பொய் என்று பேசவில்லை. தம்பி அந்த ஒரு பதிவை மட்டும் எடுத்துவிட்டார். இந்த விவகாரம் முழுவதிலும் எங்களுக்குக் கிடைத்த தெளிவான எச்சரிக்கை இதுதான், நான் அதைத் தட்டிக் கழித்தேன்.

இன்னொன்றும் உண்டு. தீபாவளியோடு அவருடைய சொந்த நெல் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பையில் போனது குழுவில் மற்றவர்கள் விளைவித்த அரிசி. நல்ல அரிசிதான், அதே முறையில் விளைந்ததுதான். ஆனால் பக்கம் தொடர்ந்து "என் வயல் அரிசி" என்றே சொன்னது. அரிசி மாறியது தம்பிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

கோவையிலிருந்து வந்த அழைப்பு

நவம்பர் இரண்டாவது வாரம், சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ மழை கொட்டிய சமயம். எங்கள் பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது. விவசாயி மண்வெட்டியோடு வடிகால் வெட்டிக்கொண்டிருந்தபோது கோவையிலிருந்து ஒரு பெண்ணின் போன் வந்தது. அரிசிப் பையில் அச்சடித்திருந்தது விவசாயியின் சொந்த எண், வாட்ஸ்அப் எண் தம்பியிடம் இருந்தது என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் திருப்தியில்லாமல் பையில் இருந்த எண்ணுக்கு அடித்திருக்கிறார்.

"உங்க அம்மாவுக்கு மாத்திரை நின்னுபோச்சுன்னு சொன்னீங்களே, எத்தனை நாள்ல நிறுத்தினாங்க, எந்த டாக்டரைக் கேட்டு நிறுத்தினாங்க?" என்று கேட்டார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. யார் அம்மா, என்ன மாத்திரை என்று இவர் கேட்க, அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய அப்பாவுக்கு 71 வயது, பல ஆண்டாகச் சர்க்கரை நோய். ஆகஸ்டில் "சுகர் இருக்கிறவங்க சாப்பிடலாமா?" என்று அவர் கேட்டதற்கு, விவசாயி பெயரில் போன பதில் இது: "எங்க அம்மாவுக்கே பதினஞ்சு வருஷ சுகர்மா. இந்த அரிசி ஆறு மாசம் சாப்பிட்டாங்க, மாத்திரையே நிறுத்தியாச்சு. நம்பி வாங்குங்க." மகள் அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினார். அப்பா இரண்டு மாதம் அரிசியைச் சாப்பிட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மயங்கி விழுந்து, மூன்று நாள் மருத்துவமனை.

விவசாயியின் அம்மா 2009இல் இறந்தவர். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததே இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிறவர்களில் யாராவது அதே கேள்வியோடு இருக்கலாம். பட்டை தீட்டாத அரிசியில் தவிடும் நாரும் இருப்பதால் சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறலாம், அவ்வளவுதான். அதுவும் மாவுச்சத்துதான், ஏறத்தான் செய்யும். எந்தப் பாரம்பரிய அரிசியும் மாத்திரைக்கு மாற்று கிடையாது. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்ல வேண்டியது, அரிசி விற்கிறவன் சொல்ல வேண்டியது இல்லை.

அன்றிரவு எடுத்த முடிவு

அன்று இரவு மழை விடவில்லை. அவர் வீட்டுக் கூடத்தில் நான், அவர், அவர் மனைவி, மகன் நாலு பேரும் உட்கார்ந்தோம். அவருக்கு முதலில் தோன்றியது பக்கத்தை மொத்தமாக அழித்துவிட்டு சிம்மை உடைத்துப் போட்டுவிட வேண்டும் என்பது. மகனும் அதையே சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் அதுதான் சுலபமாகப் பட்டது.

வேண்டாம் என்று முதலில் சொன்னவர் அவர் மனைவி. "அழிச்சா நமக்குத்தான் நிம்மதி. அதைப் படிச்சு மாத்திரைய நிறுத்துனவங்க வேற யாராவது இருந்தா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

அதனால் முடிவு இப்படி ஆனது: புது ஆர்டர் எடுப்பதை நிறுத்துவது. ஆனால் எதையும் அழிக்காமல், ஐந்தரை மாதத்துச் செய்திகளை ஒன்று விடாமல் படித்து, நோய் பற்றிக் கேட்ட ஒவ்வொருவரையும் விவசாயியே கூப்பிட்டு உண்மையைச் சொல்வது. செய்தியாக அனுப்பினால் போதாதா என்று மகன் கேட்டார். செய்தி என்றால் அதையும் தம்பிதான் எழுதினார் என்று நினைப்பார்கள், குரல்தான் போக வேண்டும் என்று முடிவெடுத்தோம். அது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன்.

61 அழைப்புகள்

தம்பி மறுநாளே வந்து எல்லாச் செய்தியையும் எடுத்துக் கொடுத்தார், எதையும் மறைக்கவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி, மாதவிடாய்க் கோளாறு என்று கேட்டவர்கள் 61 பேர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுவோம், ஒன்பது நாள் ஆயிற்று. ஸ்பீக்கரில் போட்டு அவர் பேசுவார், நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். 52 பேர் எடுத்தார்கள். நாலு பேர் மாத்திரையைக் குறைத்திருந்தார்கள், அதில் இரண்டு பேரின் பிள்ளைகளிடமும் பேசினோம். சிலர் திட்டினார்கள், ஒருவர் பணத்தைக் கேட்டார், கொடுத்தோம். திருப்பூரில் ஒருவர் "இதைச் சொல்றதுக்காகவா கூப்பிட்டீங்க?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு அடுத்த மாதத்துக்கு ஐந்து கிலோ சொன்னார், அது எங்களுக்கே வேடிக்கையாக இருக்கவில்லை, கண் கலங்கியது.

ஆனால் ஒரு அழைப்பை மட்டும் விவசாயியால் இன்னமும் மறக்க முடியவில்லை. மதுரையில் தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை. மூட்டு வலிக்கு அரிசி பற்றிக் கேட்டவர், அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு வணக்கம் அனுப்பியிருக்கிறார். தம்பியும் தினமும் "வணக்கம் அம்மா, சாப்பிட்டீங்களா" என்று விவசாயியாகவே பதில் அனுப்பியிருக்கிறார். நாலு மாதம். அந்த அம்மா தன் மகன் வெளிநாட்டிலிருந்து பேசாததை, கணவருடைய திதி நாளை, தோட்டத்து முருங்கை முறிந்ததை எல்லாம் எழுதியிருந்தார். விவசாயி விஷயத்தைச் சொன்னதும் அவர் வெகு நேரம் பேசவில்லை. அப்புறம், "அரிசிக்கு ஒண்ணும் இல்லப்பா. நான் உன்கிட்டன்னு நெனச்சில்ல எல்லாத்தையும் சொன்னேன்" என்றார்.

அரிசியைப் பற்றிய பொய்க்கு மன்னிப்புக் கேட்கலாம், பணத்தைத் திருப்பலாம். இதற்கு என்ன திருப்பிக் கொடுப்பது? தம்பி கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, சொல்லப்போனால் அந்த அம்மாவுக்கு அவர் அன்பாகத்தான் பதில் போட்டார். ஆனால் அந்த அன்பு யாருடையது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோவைக்கு விவசாயி நேரிலேயே போனார். இரவு மன்னார்குடியில் செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறி, விடிகாலையில் இறங்கி, விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். மருத்துவச் செலவைத் தருகிறேன் என்றார், அந்தப் பெண் வாங்கவில்லை, காபி கொடுத்தார். அந்தப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" மகள் அவரிடம் இன்னும் முழு விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. அம்மா இறந்து பதின்மூன்று ஆண்டு ஆயிற்று என்று இவர்தான் அந்தப் பெரியவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

தம்பியோடு பேசியது

திட்டிவிடுவது என்றுதான் நான் இருந்தேன். விவசாயி என்னைப் பேச விடவில்லை. அவரே கேட்டார், "எங்க அம்மாவைப் பத்தி ஏன் தம்பி எழுதுனீங்க?"

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எல்லாப் பக்கத்துலயும் இப்படித்தான் ஐயா எழுதுறோம். அனுபவம் சொன்னாத்தான் வாங்குறாங்க. நான் என்ன எழுதுறேன்னு நீங்க கேக்கலையே, ஆர்டர் எவ்வளவுன்னுதானே கேட்டீங்க?"

அது உண்மை. ஐந்து மாதத்தில் நாங்கள் ஒருநாள்கூட அந்தச் செய்திகளைத் திறந்து பார்க்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அதற்கப்புறம்தான் தேடிப் பார்த்தோம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006இன் 53ஆவது பிரிவின்படி உணவைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். உணவு நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் தடுக்கின்றன. நாங்கள் தம்பியை அமர்த்திய அதே 2022 ஜூனில், 9ஆம் தேதி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்கள் பற்றி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. ஒரு பொருளைப் புகழ்கிறவருக்கும் விற்கிறவருக்கும் பணத் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கிறது. தெரியாது என்பது சாக்கு ஆகாது, ஆனால் தெரியாது என்பதுதான் நிலைமை.

பத்திர எழுத்தரிடம் கற்றது

சரி, இனிமேல் ஆளே வைக்கக் கூடாதா? விவசாயிக்கு அப்படித்தான் இருந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. தன்னால் எழுத முடியாதவனுக்கு அடுத்தவர் எழுதிக் கொடுப்பது நம் ஊரில் காலங்காலமாக இருக்கிறது. தாலுகா ஆபீஸ் வாசலில் மர நிழலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறவர் இல்லையென்றால் எத்தனை பேருக்குப் பட்டா வந்திருக்கும்? அவர் எழுதியதும் வாசித்துக் காட்டுவார். "சரியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வாங்குவார். பத்திர ஆபீசில் இன்னும் கறாராக, கிரயப் பத்திரத்தின் கடைசியில் ஆவணம் தயாரித்தவர் என்று எழுத்தரின் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். எழுதச் சொன்னவர் படிக்கக் கேட்டு ஒப்புக்கொள்கிறார், எழுதியவர் தன் பெயரையும் போடுகிறார். காசு வாங்குவது எல்லாருக்கும் தெரியும், அதனால் பத்திரத்தின் மதிப்பு ஒரு துளி குறைவதில்லை.

புகழ்வதற்குக் கூலி வாங்குவதும் நமக்குப் புதிது இல்லை. இந்தக் காவிரிக்கரையில் கரிகாலனையே பாடிப் பரிசு வாங்கியிருக்கிறார்கள். ஆற்றுப்படை என்ற பாட்டு வகையே என்ன? பரிசு வாங்கி வருகிற ஒருவர் வழியில் பார்க்கும் இன்னொருவரிடம், எனக்கு இன்னது கொடுத்தார், நீயும் போ என்று சொல்வது. வாங்கியதைப் பாட்டுக்குள்ளேயே சொல்லிவிடுகிறார். கேட்கிறவருக்கு எவ்வளவு நம்புவது என்று தெரியும்.

எங்கள் பக்கத்தில் இல்லாமல் போனது இந்த இரண்டும்தான். எழுதியது விவசாயிக்குப் படித்துக் காட்டப்படவில்லை, எழுதியவர் ஒருவர் இருக்கிறார் என்பது படித்தவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் டிசம்பர் முதல் இப்படி நடத்தினோம்: வாரத்துக்கு ஒருநாள் சாயங்காலம், போடப்போகிற பதிவுகளை எல்லாம் தம்பி திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார், விவசாயி ஆம் என்றால்தான் போகும். "நான்" என்று வந்தால் அது அவர் வாயிலிருந்து வந்த பேச்சாக இருக்க வேண்டும், பதிவு செய்து அப்படியே எழுத வேண்டும். மற்றதெல்லாம் "அவர்" என்று எழுதி, கீழே எழுதியவர் இன்னார், இதற்குச் சம்பளம் பெறுகிறார் என்று ஒரு வரி. வாட்ஸ்அப்பில் முதல் பதிலே "நான் விவசாயி இல்லை, ஆர்டர் எடுக்கிறவன்" என்று போகும். நோய் பற்றிக் கேட்டால் மருத்துவரைக் கேளுங்கள் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

முதல் நாள் படிக்கும்போதே ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். "பாரம்பரிய இயற்கை விவசாயி" என்று இருந்தது. "எட்டு மாவுல யூரியா போடுறேனே தம்பி" என்றார். பக்கம் பாழாகிவிடுமே என்று தம்பி என்னைப் பார்த்தார், நானும் கொஞ்சம் தயங்கினேன். அவர் விடவில்லை. 15 மாவில் 7 மா என்று எண்ணைப் போட்டே எழுதினோம். விதை ஆதிரெங்கத்தில் வாங்கியது என்பதும் அப்போதுதான் முதல் தடவையாகப் பக்கத்தில் வந்தது.

அதன்பின்

விற்பனை விழுந்தது. டிசம்பரில் 90 கிலோ. அடுத்த ஆண்டு முழுக்க மாதம் 150க்கும் 200க்கும் நடுவே நின்றது, பழைய 340 திரும்ப வரவில்லை. பையில் இப்போது யார் வயல் அரிசி என்று ஒட்டுகிறோம். குழுவில் இரண்டு பேர் இந்தக் கெடுபிடி பிடிக்காமல் தனியாகப் போய்விட்டார்கள், அவர்கள் பக்கம் நன்றாகவே ஓடுகிறது. கோவைப் பெரியவர் தேறிவிட்டார், அந்த வீட்டில் எங்கள் அரிசி வாங்குவதில்லை. மதுரை அம்மா இரண்டு மாதம் கழித்து விவசாயியின் சொந்த எண்ணுக்கு ஒரு வணக்கம் அனுப்பினார். விவசாயிக்குத் தட்டச்சு வராது, குரலில் பதில் சொன்னார். இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை பேசிக்கொள்கிறார்கள்.

தம்பி தை மாதம் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். இப்போது பதிவு எழுதுவது விவசாயியின் மகள், அவரும் கீழே தன் பெயரைப் போடுகிறார்.

இன்று செய்வதானால்

ஆளை அமர்த்தும் முதல் நாளிலேயே அந்தத் திண்ணை வாசிப்பை வைத்திருப்பேன். சம்பளத்தை விற்ற கிலோவோடு முடிச்சுப் போடக் கூடாது என்று நாங்கள் அப்போது செய்தது சரி, ஆனால் மாதா மாதம் கேட்ட ஒரே கேள்வி கிலோவாக இருந்தால் முடிச்சுப் போட்ட மாதிரிதான் என்பது இப்போது தெரிகிறது. செப்டம்பரில் தாத்தா கதை வெளிவந்தபோது "சங்கடம்" என்ற சொல்லைச் சொல்லியிருக்க மாட்டேன். மொத்தச் செய்தியையும் அன்றைக்கே திறந்து படித்திருந்தால், கோவைப் பெரியவர் மாத்திரையை நிறுத்துவதற்கு முன்னாலேயே அவரை எட்டியிருக்கலாம், அவர் நிறுத்தியது அக்டோபரில்தான். அப்புறம், அந்த முறம் புடைக்கும் வீடியோ. எடுக்கும்போதும் போடும்போதும் விவசாயியின் மனைவியிடம் யாரும் கேட்கவில்லை. அதை எடுத்துவிடச் சொல்லி அவர் கேட்டது 2023 பங்குனியில்தான், அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது.

இதை எழுதி முடித்ததும் தம்பியைப் போனில் கூப்பிட்டு முழுவதையும் படித்துக் காட்டினேன். நடுவில் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், எல்லாம் சரிதான், ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்றார். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதச் சம்பளம் அவருக்கு வரவில்லை. 61 பேரின் செய்தியைத் தேடி எடுத்தது, திண்ணையில் வந்து படித்தது எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். குழு கொடுத்திருக்கும் என்று விவசாயி நினைத்திருக்கிறார், விவசாயி கொடுத்திருப்பார் என்று நான் நினைத்தேன். கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், இல்லை. 16,000 ரூபாயைப் போன வாரம் அனுப்பினோம். கிடைத்துவிட்டது என்று பதில் வந்திருக்கிறது.